வாட் மீட்டரும் கிளாம்ப் மீட்டரும்: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

வீட்டில் எந்தச் சாமான் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்க்க இரண்டு கருவிகள் வைத்திருக்கிறேன். ஒன்று, பிளக் பாயிண்டுக்கும் சாமானுக்கும் நடுவில் செருகும் வாட் மீட்டர். இன்னொன்று கிளாம்ப் மீட்டர், ஒயரை வெளியிலிருந்து கவ்வி ஆம்பியர் காட்டுவது. இரண்டும் மலிவு ரகம்தான். சில வருடம் புழங்கியாகிவிட்டதால் எது உபயோகம், எது சும்மா வேடிக்கை என்று இப்போது சொல்ல முடியும்.

கணக்கு பள்ளியில் படித்ததுதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் (அதாவது தடை), பெருக்கினால் வாட். அயர்ன் பாக்ஸைச் செருகினால் 228 வோல்ட், 4.3 ஆம்பியர் காட்டுகிறது. வகுத்தால் 53 ஓம், பெருக்கினால் 980 வாட். பெட்டியில் 1000 வாட் என்று போட்டிருக்கிறான். 230 வோல்ட்டுக்கு அது சரி. சூடு பண்ணுகிற சாமான் எல்லாமே இப்படி நாணயமாக நடந்துகொள்ளும்.

ஓம் தெரிந்தால் லோ வோல்டேஜில் என்ன ஆகும் என்பதும் தெரிந்துவிடும். 2000 வாட் கீசரின் தடை சுமார் 26.5 ஓம். வோல்டேஜ் 200க்கு இறங்கினால் ஆம்பியரும் சேர்ந்து இறங்குவதால், கிடைப்பது 1510 வாட்தான். வோல்டேஜ் 13 சதவீதம் குறைய, சூடு கால்வாசி போய்விடுகிறது. 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற 16 நிமிடம் போதும் என்பது 21 நிமிடமாகிறது. யூனிட் என்னவோ ஏறக்குறைய அதேதான், காத்திருப்பதுதான் கூடுதல்.

பழைய குண்டு பல்ப் வேறு கதை. 100 வாட் பல்பை அணைந்த நிலையில் மல்டிமீட்டரில் வைத்தால் 40 ஓம் போலக் காட்டும். எரியும்போது கணக்குப்படி 529 ஓம். டங்ஸ்டன் சூடாக ஆகத் தடை ஏறும். ஸ்விட்ச் போட்ட நொடியிலேயே பல்புகள் ஃபியூஸ் போனதற்கு இது ஒரு காரணம். அதனால் ஓம் வேண்டுமென்றால், ஓடும் சாமானின் வோல்ட், ஆம்பியரை வைத்து வகுப்பதையே நம்புகிறேன்.

ஆனால் ஃபிரிட்ஜில் அந்த வகுத்தலும் பெருக்கலும் செல்லாது. 230 வோல்ட், 0.9 ஆம்பியர், பெருக்கினால் 207. மீட்டரோ 125 வாட் என்கிறது. மீட்டர் சொல்வதுதான் சரி, பவர் ஃபேக்டர் (பெருக்கி வந்ததில் நிஜ வாட்டாகும் பங்கு) 0.6. மோட்டாரிலும் மலிவான எல்இடி பல்பிலும் ஆம்பியரை மட்டும் அளந்து பில் கணக்குப் போட்டால் வீணாகப் பயந்துபோவோம், ஏனென்றால் வீட்டு மீட்டர் வாட்டைத்தான் எண்ணுகிறது. ஃபிரிட்ஜை ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்த்தேன்: 1.3 யூனிட். இரண்டு மாத பில்லில் 78 யூனிட். இலவசம் 100 யூனிட் என்று இருக்கிற ஊரில் இது தெரிந்திருக்க வேண்டிய எண்.

என்னைக் கேட்டால், வாட் மீட்டரில் பார்க்க வேண்டியது வாட்டை விட வோல்ட்டைத்தான். கீசர் பாயிண்டில் சும்மா இருக்கும்போது 231, கீசர் ஓடும்போது 222, அதாவது 9 வோல்ட் எங்கேயோ விழுகிறது. மெயின் போர்டுக்குப் பக்கத்துப் பாயிண்டில் அதே நேரம் 228. ஆக 3 வோல்ட் தெரு லைனில் போகிறது, 6 வோல்ட் வீட்டுக்குள். 1.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர் ஒரு மீட்டருக்கு 0.012 ஓம், போக வர 30 மீட்டருக்கு 0.36 ஓம். 8.4 ஆம்பியரில் 3 வோல்ட் அங்கே சரியாகிவிடுகிறது. மிச்சம் 3 வோல்ட்? லூசான சாக்கெட்டில். 3 வோல்ட்டை 8.4 ஆல் பெருக்கினால் 25 வாட். ஒரு சிறிய சோல்டரிங் அயர்ன் அவ்வளவுதான். அது நம் சுவருக்குள் எரிந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாக்கெட்டை மாற்றி, கையோடு ஒயரையும் 4 சதுர மில்லிமீட்டராக்கச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் முதலில் சிரித்தார், பழைய சாக்கெட்டின் உருகிய பின்பக்கத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

குறைகள்: வாட் மீட்டரில் ஓரிரு வாட்டுக்குக் கீழே சுழிதான், அதனால் சார்ஜர் சும்மா குடிப்பதைப் பிடிக்க முடியாது. உள்ளே உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்தபின், கரண்ட் போனால் யூனிட் கணக்கும் போய்விடுகிறது. டிஸ்பிளேயில் விளக்கு இல்லை; மேசைக்கடியில் டார்ச்சோடு குனிய வேண்டும்.

கிளாம்ப் மீட்டரை லைன் ஒயர் ஒன்றில் மட்டும் மாட்ட வேண்டும். லைன், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சுழி காட்டும். சின்ன ஆம்பியர் என்றால் ஒயரைப் பத்து சுற்று சுற்றிக் கவ்வி, வருவதைப் பத்தால் வகுக்கலாம்.

முதலில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வாட் மீட்டர், அதுவும் 16 ஆம்பியர் பிளக் உள்ளது. கிணற்று மோட்டார் இருக்கும் வீட்டுக்குத்தான் கிளாம்ப் அவசியம். இன்வெர்ட்டர் பேட்டரி, சோலார் பக்கமும் அளக்கப் போகிறீர்கள் என்றால் டிசி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் என்று கேட்டு வாங்குங்கள், மலிவானவற்றில் பல, வீட்டு லைனில் வரும் ஏசி கரண்டுக்கு மட்டும்தான்.