ஆர்வி ஃப்ரிட்ஜ் பழுதுபார்ப்பில் 1,450 டாலர் போனது: பயணம் கிளம்புகிறவர்கள் படிக்கவும்

அமெரிக்காவில் ஆர்வி எனப்படும், வீடுபோல் தங்கியபடியே பயணிக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். பழுதுபார்ப்பவர்களை நாம் தங்கியிருக்கும் இடத்துக்கே அனுப்பிவைக்கும் ஓர் இணையத்தளத்தின் வழியாக வந்த ஒருவர், 1,450 டாலரை முன்பணமாக வாங்கிக்கொண்டு போனவர், திரும்பி வரவே இல்லை. என் புகாரை முடித்துவைத்துவிட்டதாக அந்தத் தளம் இன்று காலை மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. அதைப் படித்த கையோடு எழுதுகிறேன்.

கிராண்ட் கேன்யன் போகும் வழியில் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் அருகே தங்கியிருந்தபோது, ஃப்ரிட்ஜின் முகப்பு விளக்குகள் அனைத்தும் அணைந்துவிட்டன. எந்தப் பொத்தானை அழுத்தியும் அது உயிர்பெறவில்லை. வண்டியின் மற்ற விளக்குகள் எரிந்தன. தண்ணீர் பம்ப்பும் ஓடியது. உள்ளே என் மாமியாரின் இன்சுலின் இருந்ததால் உடனே ஆள் வேண்டும் என்று பதிவு செய்தேன்.

வந்தவர் கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே தன் வண்டியிலிருந்து ஓர் ஐஸ் பெட்டியை எடுத்து வந்து, "முதலில் அம்மாவின் மருந்தை இதில் வையுங்கள்" என்றார். அந்த ஒரு செயலுக்காகவே அவரை நாங்கள் முழுமையாக நம்பினோம். என் மாமியார் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தார். பிறகு அவர் வண்டியின் வெளிப்பக்கக் காற்றுத் திறப்பைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, குழாய்களைத் தட்டிவிட்டு, அமோனியா கசிந்துவிட்டதாகவும் குளிர்ச்சியை உண்டாக்கும் பகுதியான கூலிங் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்றும் சொன்னார். தளத்தின் வழியாகப் பணம் செலுத்தினால் பாகம் வந்துசேரத் தாமதமாகும் என்று கூறி, 1,450 டாலரை நேரடியாகத் தன் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார். மின்சாரம் வருகிறதா என்று அளக்கும் மல்டிமீட்டரை அவர் கையில் எடுக்கவே இல்லை.

ஃபீனிக்ஸில் வேறொரு மெக்கானிக் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. இந்த வகை ஃப்ரிட்ஜ் எரிவாயுவிலும் 120 வோல்ட் மின்சாரத்திலும் குளிரூட்டினாலும், அதைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையான கன்ட்ரோல் போர்டு இயங்க எப்போதும் 12 வோல்ட் மின்சாரம் தேவை. கூலிங் யூனிட் என்பது அமோனியாவும் தண்ணீரும் ஹைட்ரஜனும் அடைத்து மூடிய வெறும் குழாய் அமைப்பு. அது கசிந்தால் குளிர்ச்சி போகுமே தவிர, முகப்பு விளக்குகள் அணையா. கசிவு இருந்தால் அமோனியா நெடியோ குழாய்களில் மஞ்சள் பொடியோ இருக்கும். இரண்டுமே அங்கு இல்லை. உரசித் தேய்ந்த ஒரு கம்பி உலோகத்தைத் தொட்டதால், போர்டில் இருந்த 3 ஆம்பியர் ஃப்யூஸ் போயிருந்தது. சில டாலர் பெறாத அந்த ஃப்யூஸுக்காக 1,450 டாலரைப் பிடுங்கியிருக்கிறார்கள்!

பணம் வாங்கிய நபர் முதலில் பாகம் வந்துகொண்டிருக்கிறது என்றார், பிறகு கிடங்கில் தவறு என்றார், அதற்குப் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. தளத்தில் பேசிய பெண் மிகுந்த மரியாதையோடு வருத்தம் தெரிவித்துவிட்டு, தாங்கள் இருவரையும் இணைத்துவைப்பவர்கள் மட்டுமே என்றார். படங்கள் கேட்டார்கள், அனுப்பினேன். அதே படங்களை மறுபடியும் கேட்டார்கள். இறுதியில், 1,450 டாலர் தளத்துக்கு வெளியே செலுத்தப்பட்டதால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று எழுதிவிட்டார்கள். அந்த ஆளைச் சரிபார்க்கப்பட்டவர் என்று முத்திரை குத்தி எங்களிடம் அனுப்பியது யார்? இதற்கு இதுவரை பதில் இல்லை. அரிசோனா மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் அலுவலகத்தில் நுகர்வோர் புகார் அளித்திருக்கிறேன்.

விரிவான ஆலோசனைகளைத் தர நினைத்தேன். இப்போது எழுத முடிந்தது இவ்வளவுதான். முகப்பு விளக்கே எரியாத ஃப்ரிட்ஜுக்குக் கூலிங் யூனிட் மாற்றச் சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். போர்டில் 12 வோல்ட் வருகிறதா என்று உங்கள் கண்முன்னே மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் மட்டும் செலுத்துங்கள்; வங்கியில் தகராறு எழுப்பவாவது வழி இருக்கும். ஃப்யூஸ் போயிருந்தால் அதைவிட அதிக ஆம்பியர் உள்ளதைப் போடாதீர்கள், கம்பி தீப்பற்றும். அமோனியா நெடி அடித்தால் மட்டும் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு எல்லோரும் உடனே வண்டியை விட்டு இறங்கிவிடுங்கள்.