சைப்ரஸா, கராபக்கா? உறைந்த பூசல்களில் இருவகை மத்தியஸ்தம்

முதுகலை மாணவர்களுக்கான சர்வதேச மத்தியஸ்தப் பாடத்தில் ஒரே ஒரு பூசலைத்தான் விரிவாக நடத்த முடியும் என்ற நிலையில், ஆர்மீனியாவும் அஜர்பைஜானும் மோதிய நாகோர்னோ-கராபக்கை விடுத்து, கிரேக்க, துருக்கிய சமூகங்களிடையே பிளவுண்ட சைப்ரஸைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டுமே சண்டை நின்றும் தீர்வு எட்டாமல் நீடித்த, ‘உறைந்த’ பூசல்கள். மூலப் பூசலைத் தீர்ப்பதில் இரு இடத்து மத்தியஸ்தமும் தோற்றன என்பது தெரிந்ததே. 2004இல், தீவை ஒன்றிணைக்க ஐ.நா. முன்வைத்த அன்னான் திட்டத்தைத் துருக்கிய சைப்ரஸியர் ஏற்றும், கிரேக்க சைப்ரஸியரில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் நிராகரித்தனர்; கராபக் தீர்வுக்காக முன்வைக்கப்பட்ட 2007இன் மாட்ரிட் கோட்பாடுகள் உடன்படிக்கையாகவே மாறவில்லை. ஆகவே, தீர்வு வராத நீண்ட இடைக்காலத்தில் போர்நிறுத்தத்தைக் களத்தில் நின்று பராமரித்தவர் யார் என்பதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

மத்தியஸ்தர்களின் செல்வாக்கில் கராபக்கே மேல். அங்கு மத்தியஸ்தம் செய்த, ஐரோப்பியப் பாதுகாப்பு மற்றும் ஒத்துழைப்பு அமைப்பின் மின்ஸ்க் குழுவுக்கு அமெரிக்கா, ரஷ்யா, பிரான்ஸ் மூன்றும் இணைத்தலைமை வகித்தன. ஆனால் 1994 போர்நிறுத்தக் கோட்டில் அமைதிப்படை எதுவும் இருக்கவில்லை. மிகச் சிறிய கண்காணிப்புக் குழு ஒன்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு வந்து பார்த்துச் சென்றது. முதலில் சுட்டது யார் என்று சொல்ல நடுநிலையான சாட்சி இருக்கவில்லை. 2016 ஏப்ரல் மோதலுக்குப் பின் பேசப்பட்ட விசாரணைப் பொறிமுறையும் நடைமுறைக்கு வரவில்லை. 2020இல் 44 நாள் போர் மூண்டது. 2023 செப்டம்பரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர் கராபக்கைவிட்டு வெளியேறினர்.

சைப்ரஸில் 1964 முதல் ஐ.நா. அமைதிப்படை இருக்கிறது; துருக்கியப் படையெடுப்பால் தீவு பிளவுபட்ட 1974க்குப் பின், இரு தரப்பையும் பிரிக்கும் சுமார் 180 கிலோமீட்டர் நீளமுள்ள இடைமண்டலத்தில் அது அன்றாடம் ரோந்து செல்கிறது. தலைநகர் நிக்கோசியாவின் பழைய பகுதியில் அந்த மண்டலம் சில மீட்டராகக் குறுகி, இரு தரப்புக் காவலரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் நெருக்கத்தில் நின்ற இடங்களில், 1989இல் இரு தரப்பும் காவல்நிலைகளைக் காலி செய்ய ஐ.நா. ஏற்பாடு செய்தது. 1996இல் இடைமண்டலத்தை ஒட்டிய டெரினியாவில் மோதலில் உயிர்கள் பலியானபோதும் அது போராக வெடிக்கவில்லை.

இந்த அமைதி முழுவதையும் நீலத் தொப்பிக்காரரான ஐ.நா. படையினர் கணக்கில் எழுதிவிட முடியாது. வடக்கில் நிலைகொண்ட துருக்கியப் படையின் பலமும், சைப்ரஸின் ஐரோப்பிய ஒன்றிய உறுப்புரிமையும் தம் பங்கைச் செய்தன. ஐ.நா. படை இருப்பதாலேயே தீர்வுக்கான அவசரம் தணிந்துவிட்டது என்ற விமர்சனத்திலும் உண்மை உண்டு. ஆயினும், பூசலில் காணாமற்போனவர்களைத் தேடும் காணாமற்போனோர் குழுவின்கீழ் இரு சமூக அறிவியலாளரும் சேர்ந்து தோண்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அடையாளம் கண்டு, எச்சங்களைக் குடும்பங்களிடம் ஒப்படைக்கும் பணி, துப்பாக்கிகள் அடங்கியிருந்த காலத்தில்தான் நடந்தேறியது.