எழுதிவைத்த கதையும் விளைந்து வரும் கதையும்: ‘தி ஜர்னி’, ‘ஃபுட்பால் மேனேஜர்’ ஓர் ஒப்பீடு

சென்ற ஆண்டு கணினியில் இடம் போதாமல், என்னிடமிருந்த இரண்டு கால்பந்து கேம்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்க வேண்டி வந்தது. ஒன்று, 2016 செப்டம்பரில் வெளியான ஃபிஃபா 17; அதிலுள்ள ‘தி ஜர்னி’ என்ற கதைப் பகுதிக்காகவே அதை வைத்திருந்தேன். மற்றொன்று, ஒரு கிளப்பின் மேலாளராக இருந்து அணியை நடத்தும் ஃபுட்பால் மேனேஜர் 2023. நான் வைத்துக்கொண்டது இரண்டாவதை. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கண்ணுக்குத் தெரியும் அழகில் போட்டியே கிடையாது. ஃபிஃபா 17இல் டிரெஸ்ஸிங் ரூமின் வெளிச்சமும், சுரங்க வழியில் எதிரொலிக்கும் பூட்ஸ் சத்தமும், முகங்களில் ஓடும் உணர்ச்சியும் நம்மை உள்ளே இழுத்துவிடும். ஃபுட்பால் மேனேஜரில் பெரும்பாலான நேரம் நாம் பார்ப்பது மின்னஞ்சல் பெட்டி போன்ற ஒரு திரையும் எண்கள் நிறைந்த அட்டவணைகளும்தான். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

‘தி ஜர்னி’யில் நாம் லண்டனின் கிளாப்பம் பகுதியைச் சேர்ந்த அலெக்ஸ் ஹண்டர் என்ற 17 வயது இளைஞன். முன்னாள் கால்பந்து வீரரான தாத்தா ஜிம் ஹண்டரும், சிறுவயது முதல் கூடவே ஆடிவரும் நண்பன் கேரத் வாக்கரும் கதையின் இரு தூண்கள். இங்கிலாந்தின் முதல் படிநிலையான பிரீமியர் லீகின் 20 கிளப்புகளில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். உரையாடல்களில் ஆவேசம், நிதானம், இவ்விரண்டுக்கும் நடுவான ஒன்று என மூன்று வகைப் பதில்கள் இருக்கும். ஆவேசமாகப் பேசினால் ரசிகர்கள் பெருகுவார்கள், நிதானமாகப் பேசினால் மேலாளரின் நம்பிக்கை வளரும். ஆட்டத்தில் சொதப்பிவிட்டு வீடு திரும்பும்போது தாத்தா பேசும் காட்சிகளில், இது ஒரு கேம் என்பதையே சில நிமிடங்கள் மறந்திருக்கிறேன். அந்த எழுத்தின் தரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் இரண்டாம் முறை வேறொரு கிளப்பைத் தேர்ந்தெடுத்து ஆடியபோதுதான் உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்தது. முதல் முறை நான் மோசமாக ஆடியதால்தான் கிளப் என்னைக் கடன் முறையில், அதாவது தற்காலிகமாக, வேறு கிளப்புக்கு அனுப்பியது என்று நினைத்து மனம் வருந்தியிருந்தேன். இரண்டாம் முறை ஆட்டத்துக்கு ஆட்டம் கோல் அடித்தேன், அப்போதும் அனுப்பினார்கள். செல்லும் இடமும் நியூகாசில் யுனைடெட், நார்விச் சிட்டி, ஆஸ்டன் வில்லா என்ற மூன்றுக்குள்தான். 2015-16 சீசனின் முடிவில் பிரீமியர் லீகிலிருந்து கீழிறங்கிய அதே மூன்று கிளப்புகள். வாக்கருக்கும் நமக்கும் இடையில் விழும் விரிசலும், நாம் என்ன பேசினாலும் விழுந்தே தீரும். ஃபிஃபா 18இல் வந்த அடுத்த பாகமும் அப்படியே. எங்கு எப்படி ஆடினாலும் ஹண்டர் அமெரிக்க கிளப்பான லாஸ் ஏஞ்சலிஸ் கேலக்ஸிக்குப் போகத்தான் வேண்டும்.

இதற்குக் காரணம் அலட்சியம் அல்ல. ஒவ்வொரு காட்சியையும் நடிகர்களை வைத்து, அசைவுகளைப் பதிவு செய்து, குரல் சேர்த்து உருவாக்க வேண்டியிருக்கிறது. ஒரு தேர்வு இரண்டு கிளைகளாகவும் அடுத்தது நான்காகவும் பிரிந்துகொண்டே போனால், எடுத்த காட்சிகளில் பெரும்பகுதியை ஒரு ஆட்டக்காரர் பார்க்கவே மாட்டார். எனவே கிளைகள் சிறிது தூரம் சென்றதும் மீண்டும் ஒரே பாதையில் வந்து சேர்கின்றன. கூடைப்பந்தில் இதைவிடக் கடுமையான எடுத்துக்காட்டு உண்டு. ஸ்பைக் லீ இயக்கிய கதையுடன் 2015இல் வந்த என்பிஏ 2கே16இல், நம் வீரருக்கு நாம் என்ன பெயர் வைத்தாலும் கதையிலுள்ள எல்லோரும் அவரை ‘ஃப்ரீக்’ என்றே அழைப்பார்கள். கூடைப்பந்து கேம்களில் என் பழக்கம் குறைவு, இதையும் ஒரே ஒரு முறைதான் ஆடினேன் என்பதால் இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்த கேள்வி ஒன்றுதான்: நான் இன்று எடுக்கும் முடிவின் தடம், ஐந்து சீசன்கள் கழித்தும் அந்த உலகத்தில் இருக்குமா?

ஃபுட்பால் மேனேஜரில் இங்கிலாந்தின் ஆறாவது படிநிலையான நேஷனல் லீக் நார்த்தில் டார்லிங்டன் கிளப்பை எடுத்து ஆடிவருகிறேன். அங்கு ஆண்டுக்கொரு முறை, மார்ச் மாதத்தில், இளையோர் குழுவுக்குப் புதிய பையன்கள் வருவார்கள். நிஜத்தில் இல்லாத, கேமே உருவாக்குகிற வீரர்கள். இரண்டாவது சீசனில் அப்படி வந்தவன் இடக்கால் நடுக்கள வீரன் ஒருவன், வயது 16. அடுத்த ஆண்டு அவனுடன் முழு ஒப்பந்தம் போட்டபோது, தொடர்ந்து களமிறங்கும் பதினொருவரில் அவனும் இருப்பான் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் ஜனவரியில் மேல் படிநிலைக்கு ஏறும் வாய்ப்பு தெரியவே, அனுபவமுள்ள ஒருவரை அதே இடத்துக்குக் கடன் முறையில் கொண்டுவந்தேன். பையன் பெஞ்சில் உட்கார்ந்தான். ஆறு வாரங்களில் அவன் என்னிடம் பேச வந்தான். சமாதானம் சொல்லி அனுப்பினேன். பிறகு அணித் தலைவர் வந்தார். அதற்கடுத்த வாரம் டிரெஸ்ஸிங் ரூம் நிலவரப் பக்கத்தைத் திறந்தபோது, அவனோடு நெருக்கமாக இருந்த மேலும் இரண்டு பேரின் பெயருக்கு எதிரில் சிவப்புக் குறி இருந்தது. நாங்கள் மேலேறினோம், அவனோ ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்துப் போய்விட்டான்.

இதை எந்த எழுத்தாளரும் எழுதவில்லை என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு வீரரின் திறனும் 1 முதல் 20 வரையிலான எண்களாக இருக்கிறது. விசுவாசம், முன்னேறும் வேட்கை, அழுத்தம் தாங்கும் மனம் போன்ற சில குணங்களும் எண்களாகவே நம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றன. யாரை அவருக்குப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்பதும் பதிவாகிறது. இவை ஒன்றோடொன்று உரசும்போது நிகழ்ச்சிகள் தாமாக விளைகின்றன. காட்சி எடுக்கும் செலவு இல்லாததால் கிளைகளை மீண்டும் ஒன்றுசேர்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கதைக் காட்சிகளே இல்லாத அந்த வறட்சிதான் தேர்வுக்கு இத்தனை இடம் கொடுக்கிறது என்று நான் நம்புகிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. செய்தியாளர் சந்திப்புகளில் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டும். சில மாதங்களில் படிக்காமலேயே பதிலை அழுத்தும் நிலைக்கு வந்துவிட்டேன். ஒரு சீசனை முடிக்கவே பல வார இறுதிகள் தேவைப்படும். அத்தனை நேரம் இல்லாதவருக்கும், வீரனின் கால்களை நேரடியாக இயக்க வேண்டும் என்று விரும்புபவருக்கும் ‘தி ஜர்னி’யையே சொல்வேன், ஒருமுறை ஆடுவதற்கு அது நிறைவான அனுபவம். நான் சிறிய கிளப்புகளை மட்டுமே நடத்தியிருக்கிறேன் என்பதால், பணம் கொழிக்கும் பெரிய கிளப்பில் இதே அழுத்தம் இருக்கும் என்று உறுதி கூற முடியாது. 2025ஆம் ஆண்டுப் பதிப்பு வெளிவராமலேயே கைவிடப்பட்டு, அதன் பிறகு யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் வந்த 26ஆம் பதிப்பில் நான் இன்னும் ஒரு சீசனைக்கூட முடிக்கவில்லை. இங்கு சொன்னவை 2023 பதிப்புக்கு மட்டுமே பொருந்தும்.

இப்போது என் டார்லிங்டன் எட்டாவது சீசனில், நான்காவது படிநிலையான லீக் டூவில் இருக்கிறது. நடுக்களத்துக்கு ஆள் தேடியபோது அந்த இடக்கால் பையனின் பெயர் பட்டியலில் வந்தது. வயது 22, என்னால் வாங்கக்கூடிய விலை. அவன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அவனுக்குப் பிடிக்காதவர்கள் என்ற வரிசையில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, என்னுடையது. கேட்டுப் பார்த்தேன், வர விருப்பமில்லை என்று அவனுடைய ஏஜெண்டிடமிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது.