காகித டைட்டிலா, மின்னணு டைட்டிலா?

அமெரிக்காவில் காரின் உரிமையாளர் யார் என்று சொல்லும் சான்றுதான் டைட்டில். கடன் பாக்கி இருந்தால், கடன் கொடுத்தவருக்குக் கார் மீதுள்ள பிடியும் அதில் பதிவாகும். அதன் பெயர் லீன்.

பழைய முறையில் இது ஒரு தாள். பெரும்பாலான மாநிலங்களில் கடன் தீரும்வரை வங்கியின் கையில் இருக்கும். நியூயார்க் போன்ற சில மாநிலங்களில் மட்டும் கடன் இருக்கும்போதே உரிமையாளரிடம் வந்துவிடும். தாள் வங்கியிடம் இருக்கும்போதுதான் கார் விற்கும் டீலருக்குத் தலைவலி. வாடிக்கையாளர் பழைய காரைக் கொடுத்துப் புதியது வாங்குகிறார். டீலர் பாக்கிக் கடனைக் கட்டுகிறார். அப்புறம் வங்கியிடமிருந்து டைட்டில் தபாலில் வரும்வரை காத்திருக்க வேண்டும். வண்டி வாசலில் நிற்கும், போட்ட பணமும் அதோடு நிற்கும்.

மின்னணு முறையில் தாளே இல்லை. பதிவு மாநிலக் கணினியில் இருக்கும். கடன் தீர்ந்ததும் வங்கி மின்செய்தி அனுப்பி லீனை நீக்கும். புளோரிடாவில் 2013 முதல் கடன் நிறுவனங்களுக்கு இது கட்டாயம். தாள் தொலையாது, திருத்தி மோசடி செய்வதும் கடினம்.

ஆனால் முழு விடுதலை இல்லை. வேறு மாநில டீலருக்கோ ஏலத்துக்கோ விற்கும்போது பல நேரம் தாளாக அச்சிட்டுத்தான் கொடுக்க வேண்டும். விற்கும்போது தரும் ஓடோமீட்டர் கணக்கை, அதாவது வண்டி ஓடிய தூரத்தை, மின்னணு வடிவில் தர மத்திய விதி 2019-இல்தான் வழிவிட்டது.

உள்ளூர் வியாபாரம் என்றால் என் ஓட்டு மின்னணுவுக்கே. மாநிலம் தாண்டி விற்பவர் அச்சிட ஆகும் நாட்களையும் கணக்கில் வைக்கட்டும்.