ஆட் அஸ்ட்ரா: பாதிப் பேர் திட்டும் படத்தை ஏன் பார்க்கச் சொல்கிறேன்

‘ஆட் அஸ்ட்ரா’ என்ற ஹாலிவுட் விண்வெளிப் படத்தைப் பார்க்கலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, டிரெய்லர் பார்த்துவிட்டீர்களா என்பதுதான். பார்த்திருந்தால் அதை மறந்துவிட்டுப் படத்தைப் போடுங்கள். நிலாவில் துப்பாக்கிச் சண்டை, வானத்திலிருந்து விழும் பிராட் பிட், வெடிப்புகள் எல்லாம் படத்திலும் இருக்கின்றன, பொய்யில்லை. ஆனால் அந்த நான்கைந்து காட்சிகளைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது, உணர்ச்சியே காட்டத் தெரியாத ஒரு மனிதன் தனக்குள் முணுமுணுத்தபடி அப்பாவைத் தேடிப் போகும் கதை. 2019 செப்டம்பரில் படம் வெளியானபோது நடந்த குளறுபடியே இதுதான். விமர்சகர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கொண்டாடினார்கள், காசு கொடுத்துப் பார்த்தவர்களில் பாதிப் பேர்கூட அதை ஒத்துக்கொள்ளவில்லை. படம் முடிந்து வெளியே வருகிறவர்களிடம் மதிப்பெண் கேட்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் அமெரிக்க ரசிகர்கள் கொடுத்தது பி மைனஸ். பெரிய ஸ்டுடியோ படத்துக்கு அது ரொம்பக் குறைவு.

நான் கொண்டாடியவர்கள் பக்கம். ஆனால் திட்டுகிறவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன், நிறையவே இருக்கிறது.

கதையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது, அதனால் படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ராய் மக்பிரைட் (பிராட் பிட்) ஒரு விண்வெளி வீரன். எந்த ஆபத்திலும் அவனுடைய நாடித்துடிப்பு எண்பதைத் தாண்டியதில்லை என்பதுதான் வேலையிடத்தில் அவனுக்கு இருக்கும் பெருமை. அவனுடைய அப்பா கிளிஃபோர்ட் (டாமி லீ ஜோன்ஸ்) வேற்றுலக உயிர்களைத் தேடி ‘லிமா’ என்ற திட்டத்துக்குத் தலைவராக நெப்டியூன் வரை போனவர், பல வருடமாகத் தகவல் இல்லை, செத்துப்போனதாகத்தான் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். இப்போது அந்தத் திசையிலிருந்து மின்காந்த அலைகள் வந்து பூமியைத் தாக்குகின்றன, ஆயிரக்கணக்கில் சாகிறார்கள். அப்பா உயிரோடு இருக்கலாம், இதற்கு அவரே காரணமாகவும் இருக்கலாம் என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். செவ்வாய்க்குப் போய் அங்கிருந்து அப்பாவுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும், அதுதான் ராய்க்குக் கொடுத்த வேலை.

சரி, முதலில் அறிவியல் சண்டை. இயக்குநர் ஜேம்ஸ் கிரே, விண்வெளிப் பயணத்தை இதுவரை எந்தப் படமும் காட்டாத அளவுக்கு யதார்த்தமாகக் காட்டப்போகிறேன் என்று படம் எடுப்பதற்கு முன்பே பேட்டியில் சொல்லிவிட்டார். அந்த வார்த்தையை அவர் விட்டிருக்கவே கூடாது. அப்படிச் சொன்ன பிறகு இயற்பியல் தெரிந்தவன் எல்லாம் பேனாவும் பேப்பருமாகத்தானே உட்காருவான்? நெப்டியூன் நம்மிடமிருந்து சுமார் 450 கோடி கிலோமீட்டர். இதுவரை அங்கே போன ஒரே கலம் வாயேஜர் 2, 1977 ஆகஸ்டில் கிளம்பி 1989 ஆகஸ்டில்தான் அதைக் கடந்தது, பன்னிரண்டு வருடம். படத்தில் செவ்வாயிலிருந்து 79 நாளில் போய்விடுகிறார்கள். வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஏறக்குறைய 24 லட்சம் கிலோமீட்டர் வருகிறது. இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வருங்காலத்தில் நடக்கும் கதை, ஏதோ ஓர் எஞ்சின் கண்டுபிடித்திருப்பார்கள்.

எனக்கு இடித்தது வேறு. சூரியனின் குறுக்கீடு இல்லாத இடத்திலிருந்து மற்ற நட்சத்திரங்களைப் பார்க்கத்தான் லிமா கலம் அவ்வளவு தூரம் போனதாகச் சொல்கிறார்கள். சூரியனிலிருந்து வீசும் துகள்களின் ஓட்டத்துக்குச் சூரியக் காற்று என்று பெயர், அதன் எல்லை நெப்டியூனிலா முடிகிறது? வாயேஜர் 1 அந்த எல்லையைத் தாண்டியது 2012-ல், அப்போது சூரியனிலிருந்து அது இருந்த தூரம் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல 120 மடங்குக்கும் மேல். நெப்டியூன் இருப்பது 30 மடங்கில். கால்வாசி வழியிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் கடைசியில் ராய் ஒரு உலோகத் தகட்டைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நெப்டியூனின் வளையத்தைக் குறுக்கே தாண்டுவான், கற்கள் தகட்டில் படபடவென்று மோதும். நெப்டியூன் வளையங்கள் பெரும்பாலும் மெல்லிய தூசி, பூமியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே பிடிபடாதவை. லிமாவை அழிக்க வைத்த அணுகுண்டு வெடித்த வேகத்தில் ராயின் கலம் பூமியை நோக்கித் தள்ளப்படுவதும் அப்படித்தான், காற்றே இல்லாத இடத்தில் பூமியில் வருவது மாதிரி அதிர்வலை எங்கிருந்து வரும்?

எல்லோரும் கேட்கும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு குரல் செய்திக்காக ஆளை எதற்குச் செவ்வாய் வரை அனுப்ப வேண்டும், பூமியிலேயே பதிவு செய்து அனுப்பினால் போதாதா? அலைத் தாக்குதலில் சேதமாகாமல் இருப்பது செவ்வாயின் நிலத்தடித் தளம் மட்டும்தான் என்று படம் ஒரு காரணம் சொல்கிறது. அது அனுப்பும் இடத்துக்குச் சரி, பேசும் ஆள் அங்கே நேரில் இருக்க வேண்டும் என்பதற்கு அது பதிலே இல்லை. இந்த ஓட்டையை யாராலும் அடைக்க முடியாது.

ஆனால் அந்த ஓட்டை வழியாக வரும் காட்சிதான் படத்திலேயே சிறந்த காட்சி. சத்தம் புகாதபடி சுவர்களை மூடிய சின்ன அறை, ஒரு மைக், எதிரே கண்ணாடிக்குப் பின்னால் அதிகாரிகள். ராய் கையில் எழுதிக்கொடுத்த வாசகம், மகன் அப்பாவிடம் பேசுவது போல யாரோ ஒருவர் டைப் செய்து தந்தது. முதல் தடவை அதை அப்படியே படிக்கிறான், பதில் இல்லை. இன்னொரு தடவை படிக்க ஆரம்பித்து தாளை விட்டு விலகிவிடுகிறான். நாம் சேர்ந்து கறுப்பு வெள்ளைப் படங்கள் பார்ப்போமே, உங்களுக்குப் பாட்டும் நடனமும் உள்ள படங்கள்தானே பிடிக்கும், எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தீர்களே என்று சொந்தமாகப் பேசுகிறான். குரல் உயரவில்லை, அழவில்லை, கண்ணோரத்தில் மட்டும் ஏதோ நடக்கிறது. உடனே எதிரே இருப்பவர்களின் முகபாவம் மாறுகிறது, பதில் வந்திருக்கிறது என்று நமக்குப் புரிகிறது, அவனுக்கு மட்டும் யாரும் சொல்வதில்லை. நன்றி, உங்கள் வேலை முடிந்தது, ஊருக்குப் போகலாம் என்கிறார்கள். அதுவரை இயந்திரம் வைக்கும் எல்லா மனநலச் சோதனையிலும் தேறிக்கொண்டே வந்தவன் அதற்கப்புறம் தேறுவதில்லை. அப்பாவிடம் ஒரே ஒரு தடவை உண்மையாகப் பேசியதற்காக அவனை வேலையிலிருந்து தூக்குகிறார்கள், இதைவிடக் கூர்மையாக இந்தக் கதையைச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

படத்தின் கடைசிப் பகுதியில், லிமா கலத்துக்குள் ராய் நுழையும்போது ஒரு திரையில் பழைய கறுப்பு வெள்ளை நடனக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அவன் தாளை விட்டுவிட்டுச் சொன்னதெல்லாம் நிஜம் என்பதற்கு அது ஒன்று போதும்.

வழியில் வரும் சண்டைகளுக்கு வருவோம். பபூன் குரங்குக் காட்சியைத்தான் அதிகம் பேர் கேலி செய்கிறார்கள். நடுவானில் ஒரு நார்வே ஆய்வுக் கலம் உதவி கேட்க, உள்ளே போனால் சோதனைக்கு வைத்திருந்த குரங்குகள் வெறிபிடித்து ஆளைக் கடித்துக் குதறுகின்றன. தூக்கத்தைக் கலைக்கச் செருகிய காட்சி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதற்கு அடுத்து வரும் மனநலச் சோதனையைக் கவனித்துக் கேளுங்கள், அந்த வெறி எனக்குப் புரிகிறது, அதை அப்பாவிடம் பார்த்திருக்கிறேன், என்னிடமும் பார்த்திருக்கிறேன் என்று ராய் இயந்திரத்திடம் சொல்கிறான். தன் கோபத்தை அவன் வாய்விட்டு ஒத்துக்கொள்ளும் முதல் இடம் அது, அந்தக் குரங்கு இல்லாமல் அந்த வாக்கியம் வராது.

நிலாக் கொள்ளையர் துரத்தலுக்கு அப்படி ஒரு வாதம் என்னிடம் இல்லை. கதைக்கு அது தேவையே இல்லை. ஆனால் எடுத்த விதம் அபாரம். ஒளிப்பதிவாளர் ஹொய்டெ வான் ஹொய்டெமா கலிஃபோர்னியா பாலைவனத்தில் பட்டப்பகலில் வண்டிகளை ஓட்டி, அகச்சிவப்புக் கேமராவையும் ஃபிலிம் கேமராவையும் ஒரே தாங்கியில் பொருத்தி இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்தார். நம் வானம் நீலமாகத் தெரிவது காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதால். அகச்சிவப்பு அப்படிச் சிதறுவதில்லை, அதனால் அந்தக் கேமராவில் வானம் கறுப்பாக விழும். அந்தக் கறுப்போடு ஃபிலிமின் நிறத்தைச் சேர்த்தால் நிலா கிடைத்துவிடுகிறது. சத்தமும் அப்படித்தான், குண்டு பாய்வது கேட்காது, வண்டியின் அதிர்வும் மூச்சும் மட்டும் உடைக்குள் அமுங்கிக் கேட்கும். ஒலிக்கலவைக்கு ஆஸ்கர் பரிந்துரை போனது சும்மா இல்லை. இசையமைப்பாளர் மேக்ஸ் ரிக்டர் வாயேஜர் கலங்களின் தரவுகளை ஒலியாக மாற்றி இசைக்குள் சேர்த்திருக்கிறார், பெரிய சிஸ்டத்தில் கேட்டால் வயிற்றில் தெரியும்.

இந்தப் படத்தின் நிஜமான குறைகள் அறிவியலில் இல்லை. ஒன்று, பின்னணிக் குரல். பிராட் பிட்டின் முகம் சொல்லி முடித்ததையே அவர் குரல் மறுபடி சொல்கிறது. நடிகர் மேல் நம்பிக்கை இல்லாத யாரோ எழுதியது போல இருக்கும். படம் ஜனவரி, மே என்று தள்ளித் தள்ளிச் செப்டம்பருக்கு வந்தது, நடுவில் ஸ்டுடியோவே டிஸ்னி கைக்கு மாறியது, வெளியான வடிவம் தன்னுடையது இல்லை என்று கிரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். இருக்கலாம், பார்க்கிற நமக்குக் கிடைத்தது இதுதான்.

இரண்டாவது குறை இன்னும் பெரிது, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. செவ்வாயில் ராக்கெட் கிளம்பும் நேரத்தில் ராய் திருட்டுத்தனமாக உள்ளே ஏறுகிறான், நடக்கும் தள்ளுமுள்ளில் உள்ளே இருந்த ஊழியர்கள் மூன்று பேரும் செத்துப்போகிறார்கள். அவர்கள் வேலைக்கு வந்தவர்கள், ஒருவர்கூட வில்லன் இல்லை. படம் அவன் வருத்தத்தை ஓரிரு வார்த்தையில் முடித்துவிட்டு நெப்டியூனுக்குப் போய்விடுகிறது, கடைசியில் அவன் ஊர் திரும்பும்போது அதைப் பற்றிக் கேள்வியே இல்லை. அப்பா தன் சகாக்களைக் கொன்றார் என்பதைப் பெரிய பாவமாகக் காட்டும் படம், மகன் செய்ததை ஏன் விபத்து என்று விட்டுவிடுகிறது? அந்த இரண்டையும் எதிரெதிரே வைத்திருந்தால் இது மகத்தான படமாகியிருக்கும். மனைவியாக வரும் லிவ் டைலருக்கு முகம் காட்டுவதைத் தவிர வேலையே இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். செவ்வாய்த் தளத்தை நடத்துபவராக வரும் ரூத் நெகா, கிடைத்த கொஞ்ச நேரத்தில் நன்றாகச் செய்திருக்கிறார்.

இவ்வளவுக்கும் பிறகு இதை ஏன் பார்க்கச் சொல்கிறேன்? நெப்டியூன் காட்சிக்காக. கிளிஃபோர்ட் அத்தனை வருடம் தேடி எதையும் கண்டுபிடிக்கவில்லை. கணினியில் எத்தனையோ கோள்களின் படங்கள், மேகமும் நிலமும் நிறமுமாக அவ்வளவு அழகு, ஒன்றில்கூட பேசத் தெரிந்த உயிர் இல்லை. அவருக்கு அது தோல்வி, இன்னும் தேட வேண்டும் என்று அடம் பிடிக்கிறார். மகன் சொல்கிறான், நீங்கள் தோற்கவில்லை, நாம் மட்டும்தான் இருக்கிறோம் என்று இப்போது தெரிந்துவிட்டதே. ஆய்வு செய்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும், இல்லை என்று வருவதும் ஒரு விடைதான், அதற்கும் அதே உழைப்பு வேண்டும். விண்வெளிப் படங்கள் எப்போதும் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துக் காட்டித்தான் முடியும். ஒன்றுமில்லை என்ற விடையை நேருக்கு நேர் பார்த்து, அதை ஏற்க முடியாத அறிவாளிக் கிழவரை எதிரே நிறுத்திய துணிச்சல் இந்தப் படத்தில் இருக்கிறது. உன்னையும் உன் அம்மாவையும் நான் ஒருநாளும் நினைத்ததில்லை என்று டாமி லீ ஜோன்ஸ் சொல்லும்போது முகத்தில் கோபம்கூட இல்லை, தகவல் சொல்வது மாதிரி சொல்கிறார். விடை கிடைக்காமல் பாதியில் விட்ட மாதிரி இருக்கிறது என்று சொல்கிறவர்கள் எதிர்பார்த்த விடை வேறு, படம் கொடுத்த விடை இது.

ஒரு சேதி மட்டும் இங்கே சேர்க்கிறேன். படம் வெளியாவதற்குச் சில நாள் முன்பு நாசா அலுவலகத்திலிருந்து பிராட் பிட் விண்வெளி நிலையத்தில் இருந்த விண்வெளி வீரர் நிக் ஹேக்குடன் பேசினார். சந்திரயான் 2-ன் விக்ரம் தொடர்பை இழந்து பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை, நிலாவில் இறங்கப் பார்த்த இந்தியக் கலத்தை மேலேயிருந்து பார்க்க முடிந்ததா என்று கேட்டார், இல்லை என்றார் ஹேக். எதிர்முனையிலிருந்து பதில் வராமல் காத்திருப்பதைப் பற்றிய படத்துக்கு அந்த வாரத்தைவிடப் பொருத்தமான வாரம் இருந்திருக்காது.

பார்க்கிறவர்களுக்கு: இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலேதான், நீளமில்லை, ஆனால் மெதுவாகப் போகும். போனில் பார்க்காதீர்கள், இருட்டான அறையில் நல்ல ஹெட்ஃபோனோடு பாருங்கள். சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டாம், குரங்குக் காட்சி கோரமானது. சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், பிராட் பிட் முணுமுணுப்பதில் பாதி காதில் விழாது.