சிடி ரெக்கார்டரும் பெரியப்பாவின் குடமும்

போன வாரம் என் சிடி ரெக்கார்டர் ரிப்பேர் முடிந்து வீட்டுக்கு வந்தது. ட்ரே திறக்கவே இல்லை. உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் பெல்ட் தளர்ந்துபோயிருக்கிறது என்று வடசேரியில் ஒரு மெக்கானிக் கண்டுபிடித்து, பெல்ட் மாற்றி, லென்ஸையும் துடைத்து, 650 ரூபாய் வாங்கிக்கொண்டார். அதே நாளில் பாளையங்கோட்டை நண்பர் போன் பண்ணினார். இதே மாதிரி இரட்டை டெக் மெஷின் ஒன்று பழசு 5,000 ரூபாய்க்கு வருகிறதாம். அவருடைய அப்பாவின் கேசட்டுகளை சிடியில் ஏற்ற வேண்டுமாம். வாங்கலாமா என்று கேட்டார். போனில் அவருக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது.

என் மெஷின் 2002ல் அத்தான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. ஒரு பக்கம் பிளேயர், இன்னொரு பக்கம் ரெக்கார்டர். கம்பெனி பெயர் வேண்டாம். நான் குறை சொல்லப்போகும் விஷயம் வீட்டு உபயோகத்துக்கென்று விற்ற எல்லா சிடி ரெக்கார்டருக்கும் பொது.

இதை வரவழைத்ததே பெரியப்பாவுக்காகத்தான். வில்லுப்பாட்டுக் குழுவில் அவர் தாளத்துக்கு மண்குடம் அடித்தார். அம்மன் கோயில் கொடை விழாக்களில் யாராவது மேடைக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்து கொடுத்த கேசட்டுகள் 23 எங்கள் வீட்டில் இருந்தன.

முதல் கேசட்டை ஏற்றிய ராத்திரி இன்னும் நினைவிருக்கிறது. கேசட்டிலிருந்து எடுப்பது என்றால் ஓடுகிற நேரம் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும், அவசரப்படுத்த முடியாது. லெவல், அதாவது பதிவாகும் சத்தத்தின் அளவு, வைப்பதுதான் வேலையே. கேசட்டில் முள் சிவப்புக்குள் கொஞ்சம் போனாலும் டேப் தாங்கிக்கொள்ளும். டிஜிட்டலில் பூஜ்யம் டெசிபலைத் தாண்டினால் ஒலியின் தலை வெட்டுப்பட்டு வெடிப்பாகக் கேட்கும். கதை பாடும் புலவரின் பாட்டுக்கு ஏற்றபடி லெவல் வைத்தால் குடத்தின் அடி தாண்டிவிடும். அதனால் குடத்துக்கென்றே குறைத்து வைத்து எடுத்தேன். ஃபைனலைஸ், அதாவது மற்ற பிளேயரிலும் ஓடும்படி டிஸ்க்கை மூடும் வேலை, முடிந்து சிடியைப் போட்டுக் கேட்டபோது, அந்த அடி வயிற்றில் வந்து விழுந்தது. புலவர் கதை சொல்லும்போது பின்னால் "ஆமா" என்று வரும் குரல்களில் பெரியப்பாவுடையது எது என்று அன்றைக்குத்தான் பிரித்துக் கேட்டேன். கேசட்டிலும் அது இருந்திருக்கும். ஆனால் சமையலறையில் ஓடும் கேசட்டை யார் அப்படி உட்கார்ந்து கேட்டோம்? மெஷின் என்னை உட்கார வைத்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே இதை நான் நன்றியோடு வைத்திருக்கிறேன்.

சிடி-ஆரில் ஒருமுறை எழுதினால் எழுதியதுதான், அழிக்க முடியாது. நடுவில் கரண்ட் போனால் அந்த டிஸ்க் பெரும்பாலும் வீண். கோடையில் எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ட்ராக் பிரிப்பதும் பிரச்சினை. கேசட்டிலிருந்து எடுக்கும்போது சத்தம் சில நொடி அடங்கினால் மெஷின் புது ட்ராக் போட்டுவிடும். புலவர் கதையின் உச்சத்தில் மூச்சை நிறுத்தி ஜனங்களைப் பார்க்கும் இடத்தில் ட்ராக் மாறும். டேப் இரைச்சல் அதிகமாக இருந்தால் நேர் எதிராக, ஒரு பக்கம் முழுக்க ஒரே ட்ராக்காக ஓடும். அதனால் தானாக ட்ராக் போடும் வசதியை ஆஃப் செய்துவிட்டுக் கையால்தான் பிரிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரு வழி கண்டுபிடித்தேன். முதலில் சிடி-ஆர்டபிள்யூவில் எடுப்பது. தப்பு வந்தால் அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம். சரியாக வந்த பிறகு அதை பிளேயர் டெக்கில் போட்டு, சிடி-ஆருக்கு டிஜிட்டலாக நகல் எடுப்பது, அதாவது டப் செய்வது. ட்ராக் எண்கள் அப்படியே வந்துவிடும். பிறகு ஆர்டபிள்யூவை அழித்து அடுத்த கேசட். ஆர்டபிள்யூ ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும், பழைய சிடி பிளேயர்கள் பலவற்றில் ஓடாது. ஆகவே சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க சிடி-ஆர்தான் வேண்டும். இரண்டு வருடம் இப்படியே வேலை செய்து 23 கேசட்டையும் முடித்தேன். இதைவிடச் சுத்தமான முறை இருக்க முடியாது என்று நம்பினேன்.

2019ல் பெரியப்பாவின் குழுவில் இப்போது குடம் அடிக்கும் பையன் வந்தான். பழைய அடிகளைக் கேட்டுப் படிக்க வேண்டும், சிடிகளைக் காப்பி போட்டுத் தருவீர்களா என்று கேட்டான். அலமாரியிலிருந்து எடுத்து பிளேயரில் போட்டு, வெற்று டிஸ்க்கை மறுபக்கம் வைத்து, டப் பட்டனை அழுத்தினேன். நகலெடுக்கத் தடை என்று திரையில் வந்தது. அடுத்த டிஸ்க், அதற்கடுத்தது, 23க்கும் அதே பதில்.

காரணத்தைப் பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். இந்த மெஷின்களுக்குள் எஸ்சிஎம்எஸ் என்று ஒரு தடை உண்டு. மூலத்திலிருந்து டிஜிட்டலாக ஒரு நகல் எடுக்க விடும். அந்த நகலில் 'இது நகல்' என்று ஒரு குறியைச் சேர்த்து எழுதிவிடும். நகலிலிருந்து இன்னொரு நகல் எடுக்கப் போனால் மறுத்துவிடும். என் கணக்கில் மூலம் எது? கேசட்டிலிருந்து முதலில் டிஜிட்டலாகப் பதிவான ஆர்டபிள்யூ. அதைத்தான் ஒவ்வொரு முறையும் அழித்துக்கொண்டே வந்தேன்! அலமாரியில் இருப்பவை எல்லாம் நகல்கள். நான் கவனமாகச் செய்த முறையே எல்லாவற்றையும் பூட்டிவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் மெஷின் செய்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அமெரிக்காவில் 1992ல் வந்த சட்டம், வீட்டு டிஜிட்டல் ஆடியோ ரெக்கார்டர்களில் இந்தத் தடை இருக்க வேண்டும் என்றது. வெற்று டிஸ்க் விலையில் 3 சதவீதம், மெஷின் விலையில் 2 சதவீதம் ராயல்டியும் வாங்கியது. மெஷின் ஆடியோ என்று குறித்த வெற்று டிஸ்க்கை மட்டுமே ஏற்றுக்கொள்வதும் அந்தக் காலத்து ஏற்பாடுதான். கடையில் பத்துப் பதினைந்து ரூபாய்க்குக் கிடைத்த சாதாரண டிஸ்க்கைத் துப்பிவிடும். அத்தான் ஊருக்கு வரும்போதெல்லாம் ஆடியோ டிஸ்க் வாங்கி வரச் சொல்லி நச்சரித்தேன். பாட்டு விற்பவர்களுக்கு அவர்கள் பயம் இருந்திருக்கும். அது எனக்குப் புரிகிறது.

ஆனால் எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடையில் பெரியப்பா அடித்த குடத்துக்கு எந்தக் கம்பெனி உரிமை கொண்டாடப்போகிறது? கேசட்டிலிருந்து வருவது யாருடையது என்று மெஷினுக்குத் தெரியாது. தெரியாததால், பிறத்தியார் சொத்து என்றே வைத்துக்கொண்டு குறி போடுகிறது. என்னால் பொறுக்க முடியாதது இதுதான். அதே டிஸ்க்கை மருமகன் தன் கம்ப்யூட்டரில் போட்டு ஐந்தே நிமிடத்தில் நகல் எடுத்தான். கம்ப்யூட்டரில் இருக்கும் டிரைவ் அந்தக் குறியைப் பார்ப்பதே இல்லை, அந்தச் சட்டம் கம்ப்யூட்டருக்குப் பொருந்தாது. திருட நினைப்பவனுக்குத் தடையே இல்லை. முறையாக மெஷின் வாங்கி, அதற்கென்ற டிஸ்க்கும் வாங்கி, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தவனுக்குத்தான் தடை.

மெஷினிலேயே செய்ய வேண்டும் என்றால் வழி இருக்கிறது. பூட்டிய டிஸ்க்கை வேறொரு சாதாரண சிடி பிளேயரில் ஓடவிட்டு, டிஜிட்டலாக அல்லாமல் சிவப்பு வெள்ளை ஒயரில் அனலாக் உள்ளீடு வழியாக எடுத்தால் மறுப்பதில்லை, புது மூலமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நேரம் முழுக்க உட்கார வேண்டும், ட்ராக்கை மறுபடி கையால் பிரிக்க வேண்டும், லெவலும் புதிதாக வைக்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொண்ணூறு நிமிடக் கேசட் 80 நிமிட டிஸ்க்கில் அடங்காது, கதையை எங்கே வெட்டுவது என்று முன்பே கேட்டு வைக்க வேண்டும். ஃபைனலைஸ் செய்யாத டிஸ்க் வேறு பிளேயரில் ஓடாது. எழுதும் லேசர் தேய்கிற பொருள். மாற்ற வேண்டுமென்றால் இனி கிடைக்காது என்று மெக்கானிக்கும் சொல்லிவிட்டார். அதனால் ரெக்கார்டர் டெக்கில் நான் பாட்டுக் கேட்பதில்லை. வெயிலில் வைக்காத டிஸ்க்குகள் எல்லாம் இருபது வருடம் கழித்தும் சுத்தமாக ஓடுகின்றன. காரில் கிடந்த இரண்டு மட்டும் போய்விட்டன.

நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். இந்த மெஷினை இவ்வளவு நேசிக்கிற நானே சொல்கிறேன், 5,000 ரூபாய்க்கு அது வேண்டாம். வீட்டில் இருக்கும் நல்ல கேசட் டெக்கைக் கம்ப்யூட்டரோடு இணைத்து எடுங்கள். தனி ரெக்கார்டர்தான் வேண்டுமென்றால் ஸ்டூடியோக்காரர்களுக்குச் செய்த மாடலைத் தேடுங்கள், அவற்றில் பெரும்பாலும் இந்தப் பூட்டு இருக்காது.

என்னிடம் இருந்த கேசட்டுகளில் நான்கு பூஞ்சை பிடித்து இப்போது ஓடுவதில்லை. அந்த நான்குக்கும் பூட்டிய சிடி மட்டும்தான் மிச்சம். மீதி 19 கேசட்டையும் மறுபடி முதலிலிருந்து எடுக்கிறேன். ஆர்டபிள்யூ இல்லை, டப் இல்லை, நேராக சிடி-ஆரில், இன்வெர்ட்டரில் இணைத்து. ஒவ்வொரு கேசட்டும் இரண்டு முறை ஓடுகிறது, ஒன்று எனக்கு, ஒன்று அந்தப் பையனுக்கு. ஏழு முடிந்திருக்கிறது. இன்றைக்கு ராத்திரி எட்டாவது.