லியூவில் வழியா, ஹெர்மிட் வழியா?

மண்டபம் கடற்கரையில் வலையை உதறிக்கொண்டே தம்பி கேட்டான்: "அண்ணே, முடிவிலாத் தொடரா வர்றது விஞ்சிய எண்தான்னு எப்படி நிரூபிக்கிறது?"

விஞ்சிய எண் என்றால் முழு எண் கெழுக்கள் கொண்ட எந்தப் பல்லுறுப்புச் சமன்பாட்டுக்கும் தீர்வாகாத எண்; தீர்வானால் அது இயற்கணித எண். பிரெஞ்சுக் கணிதர் லியூவில் 1844-இல் காட்டிய வழி எளிது. 1851-இல் அவர் தந்த எண்ணில், தசமப் புள்ளிக்குப் பின் 1, 2, 6, 24, 120 என்று காரணீய இடங்களில் (1×2×3… எனப் பெருக்கி வருபவை) மட்டும் 1, மற்றதெல்லாம் 0. 24-ஆம் இடத்தோடு வெட்டினால் அடுத்த 1 வர 120-ஆம் இடம் ஆகும். எங்கே வெட்டினாலும் இதே கதை. விகிதமுறா இயற்கணித எண் எதையும், பகுதி எண்ணின் அளவோடு ஒப்பிட்டால், பின்னங்கள் இவ்வளவு நெருங்கவே முடியாது.

ஆனால் ஆய்லரின் எண்ணான 2.718…? காரணீயங்களின் தலைகீழ்களைக் கூட்டிய தொடர்தான். வெட்டினால் மிஞ்சுவது போதுமான அளவு சிறிதில்லை. அங்கே லியூவில் கைவிரிப்பார். இன்னொரு பிரெஞ்சுக் கணிதரான ஹெர்மிட் 1873-இல், அது முழு எண் கெழுக்கள் கொண்ட சமன்பாட்டின் தீர்வு என்று வைத்துக்கொண்டு, தொகையீடுகள் வழியே 0-க்கும் 1-க்கும் நடுவே ஒரு முழு எண்ணை வரவழைத்தார். அப்படி ஒன்று ஏது? ஆக, வைத்துக்கொண்டதே தப்பு; அது விஞ்சிய எண்தான். கை வலிக்கும் கணக்கு, ஆனால் 1882-இல் ஜெர்மன் கணிதர் லிண்டெமன் பை (π) வரை போனது இந்தப் பாதையில்தான். என் ஓட்டு ஹெர்மிட்டுக்கே.